சப்பாத்தோடு அளந்த நடை

கொரோனா அடங்கி எல்லாரும் பழையபடி வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். கோலாலம்பூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில், மனிதர்களின் நடையை அளக்கும் கூடத்தில் எனக்கு வேலை. இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டிவிட்டு நடக்கச் சொல்வோம். சுற்றியுள்ள கேமராக்கள் ஒவ்வோர் அடியையும் படம் பிடிக்கும். முட்டி எவ்வளவு மடங்குகிறது, எந்தக் கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதெல்லாம் கணினியில் கோடு கோடாக வரும். அந்தக் கோடுகள் பொய் சொல்லாது என்று எனக்கு அசாத்திய நம்பிக்கை. தலைக்கனம் என்றும் சொல்லலாம்.

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா வந்தார். சர்க்கரை நோயால் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர். செயற்கைக் கால் பொருத்தி அளந்தபோது நடை அருமையாக இருந்தது. இரண்டே வாரத்தில் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார்.

"வீட்டுல நின்னா யாரோ பின்னால தள்ளுற மாதிரி இருக்கு தம்பி. நேத்து எண்ணெய்ச் சட்டிகிட்ட விழப் பார்த்தேன். இப்படியே போனா அடுப்ப மூடிட வேண்டியதுதான் லா."

மறுபடி அளந்தேன். கோடுகள் முன்பைவிட அழகாக வந்தன. "இங்க நல்லாத்தானே நடக்குறீங்க? வீட்டுல பயப்படுறீங்க அக்கா, பயிற்சியும் செய்யல" என்றேன். அதையே அறிக்கையிலும் எழுதினேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய். அவர் பயப்படுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து அவருக்கே காட்டலாம் என்றுதான், அனுமதி கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறினேன்.

அடுக்குமாடியின் கீழே எனக்காகக் காத்திருந்தார். அங்கிருந்து தன் வீட்டு வாசல் வரைக்கும் நன்றாகவே நடந்தார். நான் சொன்னது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. வாசலில் வழக்கம்போல் நாடாவை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றினேன். அவரும் நாற்காலியில் உட்கார்ந்து கழற்றினார். நல்ல காலில் இருந்ததை முதலில், பிறகு செயற்கைக் காலில் இருந்ததையும். எழுந்து நின்றதும் முட்டி பின்னால் போய் விறைத்துக்கொண்டது. ஓரடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சப்பாத்தின் குதிப்பகுதி கொஞ்சம் உயரம். அந்த உயரத்துக்கு ஏற்பத்தான் செயற்கைக் காலின் சாய்வை அமைத்திருந்தோம். சப்பாத்தைக் கழற்றினால் குதிகால் இறங்கி, கால் பின்பக்கம் சாய்ந்துவிடும். கல்லூரியில் படித்த பாடம்தான்.

"வீட்டுல சப்பாத்து போடுறதில்லையா அக்கா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன்.

"வீட்டுக்குள்ள யாரு லா சப்பாத்து போடுவா? சமையக்கட்டுலதான் சாமி மேடையே இருக்கு. நீங்க போடுவீங்களா?"

போடமாட்டேன். அது மட்டுமா? தரை கெட்டுவிடும் என்று அளக்கும் கூடத்தின் வாசலிலேயே தினமும் சப்பாத்தைக் கழற்றிவிடுகிறவன் நான். வெறும் காலுறையோடு நின்றுகொண்டு, அவரைச் சப்பாத்தோடு நடக்க வைத்து அளந்திருக்கிறேன். படிவத்தில் அப்படி இருந்தது, நானும் யோசிக்கவில்லை. அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

"சரி லா, காப்பி ஆறிப்போகுது" என்றார்.

திங்கட்கிழமை செயற்கைக் கால் செய்பவர் நான்கு திருகுகளை முடுக்கி, வெறுங்காலுக்கு ஏற்றபடி திருத்தினார். வெளியே போட, குதி உயராத தட்டைச் செருப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னோம். இந்த முறை வெறுங்காலோடு அளந்தேன். ஒரு மாதம் கழித்து அக்கா வீடியோவில் அழைத்தார். அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் முறுக்கு அச்சைப் பிடித்திருந்தன, சுவரைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

'பயிற்சி செய்யவில்லை' என்று நான் எழுதிய அறிக்கை இன்னும் கோப்பில் இருக்கிறது. அதன் கீழே 'தவறு அளந்தவனுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போதும் கோடுகள் ரொம்ப அழகாக வரும் நாட்களில்தான் அந்த அக்காவின் சுருங்கிப்போன முகம் ஞாபகத்துக்கு வருகிறது. எதிரில் நிற்பவரிடம், வீட்டில் எப்படி நிற்பீர்கள் என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன்.