எனக்க தப்பையும் சொல்லுங்க

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், இராஜாக்கமங்கலத்தை ஒட்டிய கடற்கரையில், ஓர் ஆனி மாத மழையில் நடந்தது இது.

அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. கணவர் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றுத் தருவதாகச் சொன்னார்கள். சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் இளம்பெண்கள். ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வார்கள். எனக்கோ பத்துத் தடவை கேட்டாலும் மறந்துவிடும். பாடம் கேட்டபடியே கண் சொருகிவிடும். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தினமும் நினைப்பேன்.

எங்களைப் பழக்கிய நர்ஸ் குழித்துறைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். திட்டவே மாட்டார். ஒவ்வொரு பிரசவம் முடிந்ததும், நான் சரியாகச் செய்தது எது என்று முதலில் சொல்வார். அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்வார்.

அன்று, இரண்டு நாளாக வலியில் கிடந்த மீனவப் பெண் ஒருத்தியைப் பார்க்க ஈர மணலில் நடந்தே போனோம். பிற்பகலில் பிள்ளை பிறந்தது. அழவில்லை. நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. தாய்க்கோ இரத்தம் நிற்கவில்லை. நர்ஸின் இரண்டு கைகளும் அவள் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தன. பிள்ளை என் கையில்.

"எனக்கு முடியாது நர்ஸம்மா" என்றேன்.

அவர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"வாயில உள்ள சளிய எடுத்தாச்சுல்லா, அது சரியா வந்துது அக்கா. இனி அந்த வாயிலயே மெள்ள ஊதுங்க. உங்க கன்னத்துல நிக்கிற காத்து மட்டும் போதும்."

ஊதினேன். ஒன்றும் இல்லை. அப்படித்தான், நிறுத்தவேண்டாம் என்ற அவர் குரல் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. எனக்குத் தலை சுற்றத் தொடங்கிய நேரத்தில் அந்தச் சின்ன மார்பு தானாக ஏறி இறங்கியது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு முனகல். தாயும் பிழைத்தாள்.

திரும்பும் வழியில் இருவருக்கும் கால் நகரவில்லை. மழைக்கு ஒதுங்கி ஓர் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்தோம். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. வழக்கம்போல நான் சரியாகச் செய்ததைச் சொன்னார். பிறகு, "எனக்க பக்கம் என்ன தப்பு வந்துதுன்னு நீங்க சொல்லணும் அக்கா" என்றார்.

பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பதிலுக்குக் காத்திருந்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"தாய்க்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசல்ல. பிள்ளை செத்துப்போச்சுன்னு நெனச்சு அவ கண்ண மூடிட்டு கெடந்தா."

அவர் முகம் வாடிவிட்டது. "உள்ளதுதான். நான் அத பாக்கல்ல" என்றார்.

அடுத்து நாங்கள் போன வீட்டில், நுழைந்ததும் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

விட்டுப் போகும் எண்ணம் அதோடு போயிற்று. களைப்பு போகவில்லை, அது இன்றும் கூடவே இருக்கிறது. ஆனால் கற்றுக்கொடுப்பவரே இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார் என்று கண்ட பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எந்த வயதிலும் எனக்கு வெட்கம் வந்ததில்லை.