அட்ராக்டா வீட்டுக் கோரைத்திரிகள்

அட்ராக்டா கிப்லின் கல்யாணமாகி வந்த முதல் வருஷமே பயம் அவளோடு ஒட்டிக்கொண்டது.

கிறிஸ்துமஸ் கழிந்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், சல்லடை நிறைய ஓட்ஸைக் கொட்டி, வீட்டில் ஆளுக்கொரு கோரைத்திரி நட்டு, பெயர் சொல்லி ஏற்றுவார்கள். எது முதலில் அணைகிறதோ அந்தப் பெயர்க்காரர் முதலில் போவார். ராஸ்காமன் ஊர்ப்பக்கத்தில் அப்போது இதைச் சிரித்துக்கொண்டே செய்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. கோரையை உரித்து ஆட்டுக்கொழுப்பில் தோய்க்கும் வேலை புது மருமகளுக்கு வந்தது. கடைசித் திரிக்குக் கொழுப்பு போதவில்லை. சட்டியை வழித்துத் தடவினாள். அது மாமனார் திரியாகப் போயிற்று. முதலில் அணைந்ததும் அதுதான். தவக்காலம் பிறக்குமுன் மாமனார் போய்ச் சேர்ந்தார்.

தன் கை செய்த வேலை என்று யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. பிள்ளைகள் பிறந்தபின் வருஷா வருஷம் தன் திரியை மட்டும் குட்டையாக நறுக்கி, வெளியே தெரியாதபடி ஓட்ஸில் மேலாக நட்டாள். அவர்களுக்கு முன்னால் தான் போய்விட வேண்டும், அவ்வளவுதான். அது முதலில் அணையும்போதெல்லாம் “உனக்குத்தான் எப்பவும் அவசரம்” என்று புருஷன் மலக்கி கேலி செய்வான்.

ஒரு வருஷம் திருநாள் சமயத்தில் ஆறு வயது மகள் ஊனாவுக்கு மார்பெல்லாம் சளி. மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை.

“அம்மா, என் திரிக்கு நல்லா குண்டா கொழுப்பு வெச்சியா?”

“வெச்சிருக்கேன். போர்வையை இழுத்துக்கிட்டு உட்காரு.”

“இவ இருமுற இருமலுக்குப் பக்கத்து வீட்டுத் திரியும் அணைஞ்சிடும்,” என்றான் அண்ணன் கார்மக்.

“வாயைக் கழுவுடா,” என்றாள் அட்ராக்டா. சிரிக்கவில்லை.

மலக்கி பெயர் சொல்லி ஏற்றினான். ஜெபமாலையில் முதல் பத்து மணிகூட உருட்டி முடியவில்லை, ஊனாவுக்கு இருமல் பொங்கி வந்தது. முகத்தைத் திருப்பப் பார்த்தாள், முடியவில்லை. அவளுடைய சுடர் சாய்ந்து, நீல மணியாகச் சுருங்கியது. அட்ராக்டாவின் குட்டைத் திரி நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது.

அவள் பாய்ந்துபோய் வாசற்கதவைத் திறந்தாள். காற்று உள்ளே புகுந்து நான்கையும் ஒன்றாக அணைத்தது. எது முந்தி என்று எவருக்கும் தெரியாது.

“பைத்தியமா உனக்கு? வீட்டையே கூண்டோட அனுப்பிட்டியே,” என்றான் மலக்கி.

பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில் திரிகளைப் பிடுங்கினான். ஒன்று மற்றவற்றில் பாதிகூட இல்லை.

“இது ஏன் இவ்ளோ குட்டை?”

அட்ராக்டா எல்லாவற்றையும் சொன்னாள், அவன் அப்பாவின் திரி உட்பட.

மலக்கி அந்தக் குட்டைத் திரியை விரலால் உருட்டினான். “அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயசு. நெஞ்சு பூரா புகை. உன் கொழுப்பா கொன்னுச்சு? இது புல்லு, அட்ராக்டா. வெறும் புல்லு.”

“அப்படின்னா கொடு, அடுப்புல போட்டுடறேன்.”

அவனுடையது எரிந்தது. கார்மக்குடையதும் அவளுடையதும் எரிந்தன. ஊனாவுடையதை எடுத்தபோது அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அதை மட்டும் வேணாம்.”

திரியை அவள் விரலிலிருந்து எடுத்துக்கொண்டான்.

ஈஸ்டர் வரை அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். ஊனா பிழைத்துக்கொண்டாள். கோடையில் அட்ராக்டா கோரை அறுக்கப் புறப்பட்டபோது மலக்கியும் அரிவாளோடு கூட வந்தான். வரும் திருநாளுக்கு ஏற்றாமல் விட்டால் என்ன என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அந்தத் துணிச்சல் இருவருக்கும் இல்லை.