நாற்பத்திரண்டரை டிகிரி: தஞ்சாவூரிலிருந்து ஒரு விதைக் களத்துக்கு

கடந்த பிப்ரவரி கடைசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் தாண்டி ஒரு விதைக் களத்துக்குப் போய் வந்தேன். ஒரு வழி முப்பத்தொன்பது கிலோமீட்டர். மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்கள் தாங்கள் மாற்றிய மென்பொருள் ஓடும் இடத்தை நேரில் பார்க்கப் போவது குறைவு. போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எனக்கே இதை எழுதலாமா என்ற தயக்கம் இரண்டு மாதம் இருந்தது.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஸ்பானிஷ் படித்தது டெல்லியில், ஸ்பெயின் நாட்டுப் புத்தகங்களை வைத்து. தஞ்சாவூரில் நெல் காயவைக்கும் டிரையர் செய்யும் கண்ணப்பன் என்பவர், அதன் திரையை ஸ்பானிஷுக்கு மாற்றித் தரக் கேட்டார். சொற்களோடு தேதி, எண், அலகு எழுதும் முறைகளையும் மாற்றினேன். ஸ்பெயினில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். புள்ளி ஆயிரங்களைப் பிரிக்க. அப்படியே அமைத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். எந்த நாட்டுக்கு என்று மட்டும் கேட்கவில்லை. தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்தான்.

அன்று காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. டொமினிகன் குடியரசிலிருந்து வந்த இரண்டு விருந்தினர்களுடன் நிற்கிறார். பத்து மணிக்கு மல்லிகா அம்மா களத்தில் சோதனை ஓட்டம், விதை நெல் இரண்டு டன், நாற்பத்திரண்டரை டிகிரியில், நீங்களும் வரலாம் என்று கீழே எழுதியிருந்தார்.

டொமினிகன் குடியரசில் தசமத்துக்கு நம்மைப் போலப் புள்ளிதான். மடிக்கணினியில் இருந்த சோதனைப் பிரதியைத் திறந்து, அங்கிருந்து வருபவர் அடிப்பது போலப் புள்ளி வைத்து 42.5 என்று அடித்தேன். மென்பொருள் அந்தப் புள்ளியை ஆயிரத்துப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிட்டது. 425 ஆனது. அது உச்ச வரம்பைத் தாண்டியதால், எந்த எச்சரிக்கையும் காட்டாமல் வரம்பிலேயே நிறுத்திக்கொண்டது. வரம்பு எண்பது டிகிரி. சோறாக்கும் நெல்லுக்குக்கூட அது அதிகம். விதை நெல்லின் முளை செத்துவிடும்.

கண்ணப்பனை இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை அழைத்தால் தொந்தரவாக இருக்குமோ என்று செய்தி அனுப்பினேன். அதையும் நான்கு முறை திருத்தினேன். பிறகு ஆட்டோ பிடித்துப் புதிய பேருந்து நிலையம். எண்பது ரூபாய்.

எட்டு இருபத்தைந்துக்குத் திருவாரூர் பேருந்து. நீடாமங்கலத்துக்கு இருபத்தேழு ரூபாய், ஒரு மணி நேரம். வலதுபுறம் உட்கார்ந்தால் வெயில் படும், ஆனால் சாலியமங்கலம் தாண்டியதும் அறுத்த வயல்களும் இயந்திரம் கட்டிப்போட்ட வைக்கோல் உருளைகளும் நன்றாகத் தெரியும். நான் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவில்வெண்ணி வருவதற்குள், கண்ணப்பன் என் செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டும் நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. படித்துவிட்டார் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒன்பது இருபத்தெட்டுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட். மூடியிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"எஞ்சின் மாத்துறாங்க சார். அவங்க மாத்தி முடிக்கிற வரைக்கும் நாம இங்கதான்."

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பினார். கையில் பள்ளிக்கூடத்து விடைத்தாள் கட்டு. "நான் இந்த கேட்டுலயே பாதி பேப்பர் திருத்திடுவேன் சார். இது தொறந்துட்டா எங்க புள்ளைங்களுக்கு மார்க்கு வர லேட்டாகும்."

நடத்துநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. சிலர் இறங்கித் தடுப்புக்குக் கீழே குனிந்து போனார்கள். நானும் படி வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தேன். கேட் திறக்க முப்பத்தொரு நிமிடம் ஆனது.

களம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது சொன்னார், பேரம் பேசவில்லை.

"மல்லிகாக்கா களத்துக்கா? வெள்ளக்காரங்க வந்திருக்காங்களே, அங்கயா?"

"வெள்ளைக்காரர்கள் இல்லை. கொஞ்சம் வேகமாகப் போங்களேன்."

"வாய்க்கா ரோடு சார். வேகமாப் போனா நேரா வாய்க்காதான்."

பத்து இருபத்திரண்டுக்கு இறங்கினேன். காற்றாடியின் இரைச்சல் தெருவிலேயே கேட்டது. தகரக் கொட்டகைக்குள் பெரிய இரும்புத் தொட்டி. அடியில் துளையிட்ட தகடு, அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு நெல். கீழிருந்து சூடான காற்று வரும். திரை முன்னால் இரண்டு விருந்தினர்கள் (ஒருவர் தொப்பி போட்டிருந்தார்), கண்ணப்பன், அவருடைய பொறியாளர். திரையில் 61,4. நான் பார்க்கும்போதே 61,9 ஆனது.

"வாங்க சார், காபி சாப்பிடுங்க. உங்க ஸ்பானிஷ் பிரமாதம்னு சொல்றாங்க," என்றார் கண்ணப்பன்.

நான் நின்றேன். இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவேளை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனோ. திரையில் தெரிவது நெல்லின் சூடாக இல்லாமல் அடுப்பு வாய்ச் சூடாகவும் இருக்கலாம். சுவரோரம் நின்ற பெண்மணியிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும். அவர்தான் மல்லிகா.

"அம்மா, எத்தனை டிகிரி வைக்கச் சொன்னீர்கள்?"

"நாப்பத்திரண்டரை. துண்டுச்சீட்டுல எழுதியே குடுத்தேன். அந்தத் தொப்பிக்காரர் அதப் பாத்துதான் அடிச்சாரு." பேசிக்கொண்டே தொட்டியின் ஓரத்தில் நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டார். சட்டென்று இழுத்தார். "அடில என்னங்க இப்படிக் கொதிக்குது?"

திரைக்குக் கீழே சிவப்புப் பொத்தான் இருந்தது. விருந்தினர்களுக்கு நடுவே நுழைந்து அதை அழுத்தினேன். இரைச்சல் நின்றது.

"சார், என்ன பண்றீங்க?" கண்ணப்பனின் குரல் மாறியிருந்தது.

"எண்பதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புள்ளியை நான் தவறாக அமைத்துவிட்டேன்."

பொறியாளர் திரையில் எத்தனை டிகிரிக்கு வைத்திருக்கிறது என்று திறந்து பார்த்தார். 80,0. "பர்னர் மட்டும் ஆஃப்ல இருக்கட்டும். ஃபேன் ஓடணும், இல்லன்னா உள்ள சூடு நிக்கும்," என்று சொல்லிவிட்டுக் காற்றாடியை மறுபடி போட்டார். விருந்தினர்களிடம் நான் ஸ்பானிஷில் விளக்கினேன். நாற்பது வருடத்தில் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் நேரில் பேசுவது அதுதான் முதல் தடவை. பேசியதெல்லாம் மன்னிப்பு. தொப்பிக்காரர் துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தபடியே அடித்திருக்கிறார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை.

கண்ணப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"செய்தி அனுப்பினேனே."

கைப்பேசியை எடுத்துப் படித்துக் காட்டினார். "'வணக்கம். ஒரு சிறு சந்தேகம். நேரம் கிடைக்கும்போது பேசவும்.' இதப் படிச்சுட்டு எவன் சார் மெஷின நிறுத்துவான்? சாயங்காலம் பேசிக்கலாம்னு பாக்கெட்ல போட்டேன்."

நான்கு முறை திருத்தி எழுதியது அது. முதலில் எழுதியதில் 'நிறுத்துங்கள்' என்று இருந்தது. அதிகாரம் செய்வது போல இருக்கிறதே என்று அழித்திருந்தேன்.

மல்லிகா அம்மா தொட்டியின் அடி, நடு, மேல் என்று மூன்று இடத்தில் நெல் எடுத்துத் துணியில் தனித்தனியாக முடிச்சுப் போட்டார். "விதை போயிருக்குமா?" என்று கேட்டேன். "இப்ப தெரியாதுங்க. புது நெல்லு தூங்கும், உடனே முளைக்காது. பதினஞ்சு நாள் விட்டுத்தான் முளைக்கப் போடணும். மூணு ஊருக்கு விதை தர்றதா வாக்குக் குடுத்திருக்கேன்."

அந்தப் பதினைந்து நாளும், அதற்குப் பிறகு முளைக்க எடுத்த ஐந்து நாளும் எப்படிப் போயின என்று எழுதத் தெரியவில்லை. மென்பொருளைத் திருத்தினேன். புள்ளி, காற்புள்ளி எது அடித்தாலும் தசமமாகவே எடுத்துக்கொள்ளும்படியும், வரம்பைத் தாண்டினால் ஏற்காமல் திருப்பிக் கேட்கும்படியும் பொறியாளரைக் கெஞ்சி மாற்றவைத்தேன். இருபத்தொன்றாம் நாள் அதே பேருந்தில் மறுபடி போனேன்.

மல்லிகா அம்மா ஈரச் சாக்கை விரித்து, முடிச்சுக்கு நூறு மணியாக என் முன்னாலேயே எண்ணினார். மேல் நெல்லில் தொண்ணூற்று நான்கு முளைத்திருந்தன. நடுவில் எண்பத்தெட்டு. அடியில் முப்பத்தொன்று.

"அடி நெல்லு அரிசிக்குத்தான். மத்தத விதையாத் தரலாம். மூணு ஊருல ஒரு ஊருக்கு இல்லன்னு சொல்லணும்," என்றார்.

நான் அந்த ஊருக்கு வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "வாங்க" என்றார். அன்று பிற்பகலே, நன்னிலம் போகும் பாதையில் பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த ஊருக்கு அவருடைய மகன் வண்டியில் போய், ஏழெட்டு விவசாயிகள் முன்னால் நின்று சொன்னேன். சொல்லும்போது "சிறு" என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

இந்தப் பக்கம் வேலையாக வருபவர்கள் நீடாமங்கலம் கேட்டுக்கென்று முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பயணத்துக்கும் சேர்த்து போக வர எனக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆனது. ஸ்பானிஷ் வேலை வந்தால் எந்த நாட்டுக்கு என்று முதல் நாளே கேளுங்கள், அங்கே எண்ணை எப்படி எழுதுகிறார்கள் என்று அந்த ஊர்க்காரரிடமே விசாரியுங்கள். அவசரம் என்றால் முதல் வரியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வணக்கம் பிறகு வைக்கலாம்.

டிரையர் இப்போது கப்பலில் போய்விட்டது. இரண்டாம் முறை போன அன்று நான் கிளம்பும்போது மல்லிகா அம்மாவிடம், அடுத்த அறுவடைக்கு இயந்திரத்தில் காயவைப்பீர்களா என்று கேட்டேன். அவர் களத்தில் பரப்பியிருந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னார்: "மெஷின் மேல கோவமில்லீங்க. வெயில்கிட்ட எந்த நாடுன்னு கேக்க வேண்டியதில்ல பாருங்க."