ஆங்ஸ்த்ரோமின் தலைவட்டம்

பலகைக்கு எழுத்து எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுத்தின் வடிவம் தெரிந்தால் போதும். அர்த்தம் தெரிய ஆரம்பித்தால் கை நின்றுவிடும். நான் படித்தது மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும். அதற்குள் தமிழ் எழுத்தும் பிரெஞ்சு எழுத்தும் கைக்கு வந்துவிட்டன. அதை வைத்துக்கொண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரிக் கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குப் பெயர் எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு, சொன்னவர் வாயாலேயே திட்டு வாங்குகிற தொழில் எதில் இருந்தாலும் நீங்களும் என் கட்சிதான்.

குந்திய எழுத்து

எங்கள் ஊரில் அப்போது நீளத்துக்கு ஒரே அளவு கிடையாது. வீட்டுக்குள் முழமும் சாணும். சர்க்கார் காரியத்துக்குப் பிரெஞ்சுக்காரனின் மேத்தர், அதாவது மீட்டர். எல்லை தாண்டிக் கூடலூர் பக்கம், இப்போது கடலூர் என்கிறார்களே அங்கே, போனால் இங்கிலீஷ்காரனின் அடியும் கஜமும். எனக்குப் பலகை அறுத்துக் கொடுத்த கோவிந்தன் ஆசாரிக்கு அரியாங்குப்பம். அவன் கையில் இருந்தது கூடலூரில் வாங்கிய அடிக்கோல். மேத்தர் என்று சொன்னாலும் கஜம் என்று சொன்னாலும் அவன் அறுப்பது கஜம்தான்.

ஒரு ஜவுளிக் கடைக்காரர் நாலு மேத்தர் பலகை கேட்டார். நான் நாலு மேத்தருக்கு எழுத்துகளைப் பிரித்து வைத்திருந்தேன். ஆசாரி நாலு கஜம் அறுத்து வந்தான். ஒன்றரைச் சாண் குறைந்தது. மறுநாள் கடை திறப்பு, வேறு பலகைக்கு நேரமில்லை. ‘ஜவுளிக் கடை’யில் கடைசி எழுத்தை மட்டும் பாதி உயரத்தில் மடக்கி எழுதினேன். கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார், சிரித்தார், பலகையை மாட்டிக்கொண்டார். வியாபாரமும் நன்றாகவே நடந்தது. அவர் கேட்டது இவ்வளவுதான்: “மத்த எழுத்தெல்லாம் நிக்குது, கடைசி எழுத்து மட்டும் ஏன்யா குந்திக்கினு இருக்குது?”

ஆயிரம் கோடிப் பங்கு

லூர்துநாதன் என்று ஒரு வாத்தியார். எங்கள் கோயிலுக்கு வருகிறவர்தான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார். வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். ஒரு நாள் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து, வகுப்புச் சுவரில் மாட்டப் பலகை வேண்டும் என்றார். மேலே மேத்தர். அதற்குக் கீழே சென்டிமேத்தர், மில்லிமேத்தர், மிக்ரோன், மில்லிமிக்ரோன் என்று வரிவரியாக இறங்கி, கடைசியில் ஆங்ஸ்த்ரோம். ஒவ்வொன்றும் எத்தனை மேத்தர் என்று எதிரே எழுத வேண்டும். கீழே போகப் போகப் பூச்சியம் பெருகிக்கொண்டே போனது.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அறைக்கு அறை பலகை வேண்டும். “இது ஒழுங்கா வந்தா அதெல்லாம் உனக்குத்தான், சவரிமுத்து. துரை என்கிட்டதான் ஆள் கேட்டிருக்காரு” என்றார் வாத்தியார். துரை என்றது பள்ளித் தலைவரை, பிரெஞ்சுக்காரர். அதுவரை நான் எழுதியதெல்லாம் கடைப் பலகையும் வண்டி நம்பரும்தான். பள்ளிக்கூடத்துக்கு எழுதியவன் என்றால் அடுத்து கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் தேடி வரும். அதனால் அவர் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டேன். மேத்தரை ஆயிரம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஆங்ஸ்த்ரோமாம். அணுவை அளக்க அதுதான் கோலாம். ஒரு மயிரிழையின் குறுக்கே லட்சக்கணக்கில் நிற்குமாம்.

பலகை ஒன்றரை மேத்தர். இந்த முறை மேத்தர் கோலை நானே ஆசாரி கையில் கொடுத்தேன். ஆங்ஸ்த்ரோம் கதையையும் சொன்னேன். விரல் விட்டுக் கணக்குப் பார்த்ததில் பலகை ஆயிரத்து ஐந்நூறு கோடி ஆங்ஸ்த்ரோம் வந்தது. ஆசாரி ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: “அண்ணே, என் ரம்பம் ஒரு தபா போய் வந்தாலே அதுல பல கோடி தூளாப் போயிடுமே, அதுக்கு யாரு பதில் சொல்றது?”

வால் முளைத்த புள்ளி

நடு வரிகள் காய்ந்துகொண்டிருந்தபோது கூடலூரிலிருந்து ஒரு மளிகைக்காரர் வந்தார். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பலகையில் 0,001 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, காற்புள்ளி தப்பு, முற்றுப்புள்ளிதான் வைக்க வேண்டும் என்றார். வாத்தியார் காகிதத்தில் காற்புள்ளிதான் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் எழுதுவான் என்பது எனக்குப் பழக்கம். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. தன் கடைக்கும் ஒரு பலகை சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “உங்க ஊர்ல புள்ளிக்குக்கூட வால் முளைச்சிருக்குதுய்யா!”

தலையில் ஒரு வட்டம்

கடைசி வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். காகிதத்தில் 1 என்று போட்டு, பக்கத்தில் பெரிய A எழுதி, அதன் தலைமேல் ஒரு குட்டி வட்டம் இருந்தது. எதிரே பூச்சிய வரிசை. பிரெஞ்சு எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு வரும், கூரை வரும், இரட்டைப் புள்ளி வரும். அதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வட்டம் வந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிக் கொடுக்கிறவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், விட்ட இடத்துக்கு மேலே சின்னதாக எழுதிக் கொடுப்பார். நாங்கள் அதைக் கீழே இறக்கி வரிசையில் சேர்த்துவிடுவோம். எந்தப் பலகைக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அத்தனை பூச்சியம் எழுதின மனுஷர் ஒன்றை மறந்து மேலே போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கும் A-க்கும் நடுவில் இறக்கினேன். 10 A = 0,000 000 000 1 m. பார்க்க லட்சணமாக இருந்தது.

வாத்தியார் வந்தார். மேல் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசி வரிக்குக் குனிய வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் குனியவில்லை. இதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பலகையை ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டு பிரெஞ்சில் நன்றி சொன்னார்: “மெர்சி, சவரிமுத்து! இனிமே நீ பள்ளிக்கூடத்து ஆளு.”

பத்து ஆம்பேர்

மூன்றாம் நாள் அவர் நடந்தே வந்தார். முகம் சிவந்திருந்தது. அந்த வட்டம் பூச்சியம் இல்லையாம். ஸ்வீடன் நாட்டு எழுத்தாம். அவர்களுக்கு A தலையில் வட்டம் உண்டாம். வட்டத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற வெறும் A, மின்சாரத்தை அளக்கிற ஆம்பேர் என்று ஆகிவிடுமாம்.

“அதைக் காகிதத்துல ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே, முசியே” என்றேன்.

“படிச்சவனுக்கு எழுதிக் காட்டணுமா?”

“எழுதறவன் நானு. நான் படிச்சவன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

அவர் பேச்சை மாற்றினார். வகுப்பில் பிள்ளைகள் முன்னால், பலகை முன் நின்று துரை சொன்னதை மட்டும் எனக்குத் தமிழில் சொன்னார்: “பத்து ஆம்பேருக்கு எத்தனை மேத்தர்னு உங்க ஊருக்கு வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

எத்தனை பெரிய தப்பு

வட்டத்தைத் திரும்ப A தலையில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு துரையைப் பார்க்கப் போனேன். மாடிக் கட்டட வேலை கைவிட்டுப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை. நான் கேட்பதை வாத்தியார் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், துரை சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி என்னவென்று சொன்னாரோ, கர்த்தருக்குத்தான் தெரியும். “குனிந்து பார்க்காதது என் தப்பு” என்று அவர் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் பிரெஞ்சு தெரியும்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “முசியே, நான் எழுதினதுக்கும் உண்மைக்கும் எவ்வளவு நீளம் வித்தியாசம்?” வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். நான் எழுதினபடி பார்த்தால் ஒரு ஆங்ஸ்த்ரோம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. குறைந்துபோனது ஒரு ஆங்ஸ்த்ரோமில் பத்தில் ஒன்பது பங்கு. கண்ணுக்குத் தெரியுமா என்றேன். எந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது என்றார். அதைத் துரையிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். துரை கோபப்படவில்லை. மேசைமேல் இருந்த கோலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். வாத்தியார் அதை மொழிபெயர்த்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை: “நீளத்துல ஒண்ணுமில்லதான், ஆனா பத்து மடங்கு தப்புங்கறாரு.”

பலகைதானே

மாடிக் கட்டடத்து வேலை கூடலூர்க்காரன் ஒருவனுக்குப் போயிற்று. இங்கிலீஷ் தெரிந்தவனாம். அறைக்கு அறை அவன் எழுத்துதான். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிறகு அவனைத்தான் கூப்பிட்டார்கள். நான் வண்டி நம்பருக்கே திரும்பினேன். வாத்தியார் கோயிலில் எதிர்ப்பட்டால் நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வேன்.

அது போகட்டும். அந்தப் பலகைகளை அறுத்துக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். என் ஆசாரிதான். அரியாங்குப்பத்துக்கே போய்க் கேட்டேன். இழைப்புளியை நிறுத்தாமலே பதில் சொன்னான்: “யாரு எழுதுனா இன்னாண்ணே, பலகை பலகைதான?”

கண்ணுக்குத் தெரிகிற தப்பு எத்தனையோ எழுதிப் பிழைத்துவிட்டேன். யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்றை எழுதித்தான் கெட்டேன்.