இருபத்தெட்டு கேஜ் கூரை

எண் பெரிதென்றால் பொருளும் பெரிது என்பது என் அப்பாவின் கட்சி. நாற்பது வாட்ஸ் பல்பைவிட அறுபது வாட்ஸ் பிரகாசம்தானே! தேவாலாவில் வீடு கட்டியபோது கூரைத் தகரம் வாங்கக் கூடலூர் போனார். பக்கத்து வீட்டில் இருபத்திரண்டு கேஜ் போட்டிருந்தார்கள். அப்பா இருபத்தெட்டு கேஜ் வாங்கி வந்தார். விலையும் குறைவாம், கடைக்காரருக்கு வியாபாரமே தெரியவில்லை என்று பரிதாபப்பட்டார்.

கம்பியோ தகரமோ, கேஜ் எண் ஏற ஏறக் கனம் குறையும். இதை அப்பாவிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. முதல் குரங்கு குதித்த இடத்திலேயே பள்ளம் விழுந்தது. "நம்முளுதே இப்பிடி நெளிஞ்சா, பக்கத்தூட்டுக் கூரை என்ன கதியாகுமோ!" என்றார்.

மழைக்காலம் வந்ததும் வீட்டுக்குள் பேச்சு நின்றுபோனது. அவ்வளவு சத்தம். உப்பு வேண்டுமென்றாலும் கைஜாடைதான். அம்மாவின் திட்டு காதில் விழாததால் அப்பா மட்டும் நிம்மதியாக இருந்தார்.

அந்த மழையில்தான் கோயம்புத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் பாட்டு சுத்தமாக வராது. முன்பு வந்தவர்கள் என் பாட்டைக் கேட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள். ஆனால் இந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது. மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கேஜ் கணக்கு அவருக்கு அத்துப்படி. அப்பா கூரையைக் காட்டி, "இருபத்தெட்டு கேஜுங்க!" என்று கத்தினார். அவர் நிமிர்ந்து பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "நல்ல கூரைங்க!" என்று திருப்பிக் கத்தினார். கட்டினால் இவரைத்தான் என்று முடிவு செய்தேன்.

அவருடைய அம்மா என் காதருகே குனிந்து, "ஒரு பாட்டுப் பாடு அம்மிணி" என்றார். போச்சு! முருகா என்று வாயைத் திறந்தேன். மழை இன்னும் வலுத்தது. தொண்டை கிழியப் பாடினேன், எனக்கே கேட்கவில்லை. ஆனால், கேட்கவில்லை என்று சொல்வது மரியாதையில்லையே! மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார், எந்தப் பாட்டுக்கோ. மாப்பிள்ளையின் அம்மா நான் நிறுத்திய பிறகும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்றே தட்டு மாற்றிவிட்டார்கள்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன முதல் வெள்ளிக்கிழமை. மச்சு வீடு, மழையின் அறிகுறியே இல்லை. மாமியார் விளக்கேற்றி, அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டி உட்காரவைத்தார். "எம் மருமவ என்னமாப் பாடுவா தெரியுங்களா? அன்னைக்குப் பாடுனதையே பாடு அம்மிணி."

பாடினேன். இரண்டாவது வரியில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாமியார் என்னையே பார்த்தார். ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டார், இனி எப்படிப் பின்வாங்குவார்?

"அட, மாவாட்டோணுமே, மறந்தே போச்சு!" என்று எழுந்து போய்க் கிரைண்டரைப் போட்டார். வீடே அதிர்ந்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "நீ பாடு அம்மிணி! நல்லாருக்குது!"