ரெலிபோன் இல்லாத அறை

அப்பா எங்களை உல்லாசப் பயணம் கூட்டிப்போனது ஒரே ஒரு தடவைதான். அதுவும் கொட்டுகிற பனிக்குள். குளிர்காலம் தொடங்கினால் வேலைக்கும் தமிழ்க் கடைக்கும் தவிர வேறெங்கும் கால் வைக்காத மனிதர், ஒரு வெள்ளிக்கிழமை வழமைக்கு முன்னரே பக்ரறியிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, "எல்லாரும் வெளிக்கிடுங்கோ, மலைக்குப் போறம்" என்றார்.

எல்லாரும் என்றால் அம்மாவும் நானும்தான். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். இதே ஏழாம் மாதத்தில் முன்பு ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை பாரம் தூக்கக் கூடாது, ஓடித் திரியக் கூடாது, மனதைக் குழப்புகிற எதையும் காதில் போடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் இரண்டையும் அப்பா பார்த்துக்கொண்டார். மூன்றாவது அவர் கையில் இல்லை. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கனடாவுக்கு வருவதற்காக ஒரு ஏஜென்ரை நம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டு மாதக்கணக்காகியிருந்தது. முதலில் கொழும்பு, பிறகு மொஸ்கோ, பிறகு பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊர். எப்போதாவது ஒரு போன் வரும். மணி அடித்தால் அம்மா டொக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

அந்தப் போன் முந்தின நாளிலிருந்து வேலை செய்யவில்லை. "லைனில ஏதோ பிழையாம். திங்கட்கிழமைதான் ஆக்கள் வந்து பாப்பினமாம்" என்று அப்பா சொன்னார். அதன் வயர் சுவரிலிருந்து கழன்று சோபாவுக்குப் பின்னால் கிடந்ததை நான் கண்டேன். பழுதான போன் அப்படித்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவோடு வேலை செய்த ஒருவர் தன் குடும்பத்துக்கென்று ஒரு விடுதியில் இடம் பிடித்து வைத்திருந்தாராம். பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டதால் போக முடியவில்லையாம். அப்பா அந்த இடத்தை வாங்கிக்கொண்டார். குதிரைகள் நிற்கும், குதிரை இழுக்கிற பனிவண்டி இருக்கும், காட்டுக்குள்ளே ஸ்கீ ஓடலாம் என்று கதை கதையாகச் சொன்னார். ஒரு டொலருக்கும் கணக்குக் கேட்கிற அம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றோடு இந்தப் பனிக்குள் எங்கே போவது என்றும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் உடுப்பு அடுக்கினார்.

நாங்கள் இருந்த அஜின்கோர்ட்டிலிருந்து வடக்கே இரண்டு மூன்று மணித்தியால ஓட்டம். அப்பா வழி முழுக்கக் கதைத்தார். வழமையாகக் கார் ஓட்டும்போது வாய் திறக்காதவர், அன்றைக்கு வீதிப் பலகைகளை எல்லாம் உரத்து வாசித்தார். மலை என்று அவர் சொன்னது உண்மையில் ஒரு நீண்ட மேடு. ஆனால் எங்களைப் போன்ற தட்டையான ஊர்க்காரருக்கு அது மலைதான். அதன் அடிவாரத்தில் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய பெரிய வீடு. பக்கத்தில் குதிரை லாயம். சுற்றிவர இருண்ட ஊசியிலைக் காடு. எங்களைத் தவிர அங்கே கறுத்த தலைமயிர் ஒன்றுகூட இல்லை.

வரவேற்பு மேசையில் நின்ற பெண்ணிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி, அறையில் ரெலிபோன் இருக்கிறதா என்பது. அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில், இல்லை, ரி.வியும் இல்லை, இங்கே வருகிறவர்கள் அமைதிக்காகத்தான் வருகிறார்கள் என்றாள். அப்பா, நல்லது, மிகவும் நல்லது என்று அவளுக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார். ரி.வி இல்லை என்பதற்கு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோசப்படுவாரா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை ஸ்கீ வகுப்பு. அம்மா வராந்தாக் கண்ணாடிக்கு உள்ளே போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அப்பாவும் முற்றத்தில் நின்றோம். நாங்கள் நினைத்ததுபோல மலையிலிருந்து வழுக்கி இறங்குகிற ஸ்கீ அல்ல அது. ஒடுங்கிய நீளப் பலகைகளைச் சப்பாத்தில் கொழுவி, இரண்டு கையிலும் தடிகளை ஊன்றி, சமதரையில் வழுக்கி வழுக்கி நடக்க வேண்டும். சொல்லித்தந்தவள் கன்னம் சிவந்த ஓர் இளம்பெண். நடக்கச் சொல்லித் தருவதற்கு முதல் விழச் சொல்லித் தந்தாள். பக்கவாட்டில் விழ வேண்டும்; பலகைகளை ஒன்றாகச் சேர்த்து, முழங்காலில் எழும்பி, தடியை ஊன்றி நிமிர வேண்டும். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அப்பா விழுந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை விழும்போதும் கண்ணாடிப் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. மற்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அம்மாவும் கையை வாயில் வைத்துச் சிரிப்பது தெரிந்தது. எனக்கு உலகத்திலேயே நல்ல அப்பா அம்மா கிடைத்திருப்பதாகத் தோன்றியது.

கொஞ்சம் பழகியதும் இருவரும் காட்டுப் பாதையில் இறங்கினோம். ஒரு வளைவு தாண்டியதும் வீடும் மறைந்தது, சத்தமும் மறைந்தது. கிளைகளிலிருந்து பனி கொட்டுகிற ஓசை மட்டும். அப்பாவின் சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை. பாதை ஓரத்தில் தடியை ஊன்றிப் பார்த்தார். அது பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. இழுத்து எடுத்து, இன்னொரு இடத்தில் ஊன்றினார். அங்கேயும் போயிற்று. மரங்களுக்கிடையே பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று என் முன்னால் குனிந்தார்.

"பிள்ளை, கால் குளிருதோ?"

"இல்லையப்பா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு. விரல் தெரியுதோ?"

தெரிகிறது என்றேன். அவர் நம்பவில்லை. என் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த இரண்டு சோடி மேசுகளையும் தடவிப் பார்த்து, திரும்ப இறுக்கிக் கட்டினார். பிறகு, "இதில நில், வாறன்" என்று பலகைகளைக் கழற்றிவிட்டு மரங்களுக்குள் இறங்கினார். தொடைவரை புதைந்து புதைந்து போனார்.

சற்று நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. நாய்க்கு அடிபட்டதுபோல. நான் பயந்து எட்டிப் பார்த்தபோது, அப்பா ஒரு மரத்தடியில் பனிக்குள் இருந்தார். கையுறையை வாய்க்குள் கொடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். தோள்கள் ஆடின.

என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்தார். "விழுந்திட்டன். இடுப்பில அடி. அம்மாட்டைச் சொல்லிப்போடாத, பயந்திடுவா."

அவர் விழுந்ததாக நான் முழுதாக நம்பினேன். எழும்பத் தெரியாமல்தான் இருக்கிறார் என்று நினைத்து, பாதையில் நின்றபடியே, "அப்பா, பக்கமாத் திரும்புங்கோ. முழங்கால்ல முதல் எழும்புங்கோ" என்று அந்தப் பெண்ணைப்போலவே கட்டளையிட்டேன். அவர் நான் சொன்னபடியே செய்தார்.

அப்பாவுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் சொல்லப்பட்டது. வியாழக்கிழமை ஜேர்மனியிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்திருக்கிறான். மாமாவோடு ஒரே கூட்டத்தில் எல்லை கடந்தவன். ஏஜென்ரின் ஆட்கள் இருட்டில் அவர்களை ஒரு காட்டுக்குள் நடத்திப் போயிருக்கிறார்கள். இடுப்பளவு பனி. மாமாவின் காலில் கன்வஸ் சப்பாத்து. இரண்டாம் நாள் அவரால் நடக்க முடியவில்லை. கொஞ்சத் தூரம் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு, திரும்பி வந்து கூட்டிப்போகிறோம் என்று சொல்லி ஒரு மரத்தடியில் இருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

குழந்தை பிறக்கும்வரை இதை அம்மாவுக்கு மறைத்துவிடலாம் என்று அப்பா எண்ணியிருக்கிறார். போனைக் கழற்றினார். துக்கம் விசாரிக்க வருகிற சனம் எட்டாத இடமாக ஒன்றைத் தேடினார். முதலில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அது என்ன இடம் என்பதை அவர் யோசிக்கவில்லை. காட்டுக்குள் வந்து, தடி பனிக்குள் இறங்கிய அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டு மண்டபத்தில் அப்பா அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தார். அம்மா, "காணும், காணும்" என்று சொல்லியபடி எல்லாவற்றையும் தின்று முடித்தார். அப்பா ஒரு பகிடி சொன்னால் அம்மா சிரித்தார். அம்மா சிரித்தால் அப்பா இன்னொன்று சொன்னார். இடுப்பு நோவைப் பற்றி நான் மூச்சும் விடவில்லை. இரகசியம் காக்கிற பெரிய ஆளாகிவிட்ட பெருமை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கணக்கு முடிக்கப் போயிருந்தார். நான் அம்மாவைத் தேடிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். படிக்கட்டுக்குக் கீழே, பனிக்குள், அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருடைய பூட்ஸும் மேசும் படியில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. பஞ்சாபிக் காற்சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். கணுக்கால் வரை பனிக்குள் வெறுங்கால்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"ஒண்டுமில்லை. எப்பிடி இருக்குதெண்டு பாத்தன்."

"எப்பிடி இருக்கு?"

அம்மா காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல சுடுது" என்றார். "பிறகு நோகுது. பிறகு... பிறகு ஒண்டும் தெரியேல்லை." என்னைத் திரும்பிப் பார்த்து, நான் ஏதோ மறுத்துப் பேசியதுபோல, "ஒண்டும் தெரியாது. கடைசியில ஒண்டுமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று நானும் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினேன். அதற்கு முன் அம்மா என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. ஓடிவந்து என்னைப் பிடித்து, படியில் இருத்தி, குளிரவே தொடங்காத என் பாதத்தைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கால்கள் மிளகாய்ப்பழம்போலச் சிவந்திருந்தன.

"அப்பாட்டைச் சொல்லாத, என்ன? அவர் பாவம்."

ஓம் என்றேன். அதையும் சொல்லவில்லை. இரண்டு பேரின் இரகசியமும் என் ஒருத்தியிடம் இருந்தது. ஒன்றை எடுத்து மற்றவரிடம் கொடுத்திருந்தால் அவர்கள் அந்த மலையடியிலேயே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். சொன்ன சொல் காக்கிற பிள்ளையாக வளர்த்துவைத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது வெயில் எறித்தது. இருபக்கமும் வெள்ளை வயல். அப்பா வீதிப் பலகைகளை வாசிக்கவில்லை. கதை தீர்ந்து போயிருக்க வேண்டும். அம்மா முன்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"வீட்டை போனவுடன போனைக் கொழுவிவிடுங்கோப்பா" என்றார் கண்ணைத் திறக்காமலே. "சனம் எடுத்து எடுத்துக் களைச்சுப்போயிருக்கும்."

அப்பா காரின் வேகத்தைக் குறைத்தார்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"வெள்ளிக்கிழமை காலமை. உடுப்புத் தோய்க்கக் கீழ போன இடத்தில. மேல்வீட்டு அன்ரி கையைப் பிடிச்சு அழுதவ."

"தெரிஞ்சுகொண்டோ வந்தனீர்?"

"நீங்கள் அவ்வளவு பாடுபடேக்க நான் என்னெண்டு சொல்லுறது?"

அப்பா காரை மெல்ல ஓரங்கட்டினார். பெரிய லொறிகள் எங்களைக் கடக்கும்போது கார் ஆடியது. வேலியில்லாத வெளியில் காற்று பனித்தூளை அள்ளிக்கொண்டு ஓடியது. அப்பா ஸ்ரேரிங்கில் நெற்றியை வைத்தார். அது ஹோர்னில் பட்டு, ஒருமுறை நீளமாக ஒலித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அம்மா ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மற்றக் கையை அப்பாவின் முதுகில் வைத்தார். அப்படியே இருந்தார்கள். மாமாவுக்கு அழுவதற்கு அவர்களுக்குக் கிடைத்தது அந்த நெடுஞ்சாலை ஓரம்தான். உடல் வரவில்லை, எந்தக் காடு என்பதையும் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. தங்கை வசந்தகாலத்தில் சுகமாகப் பிறந்தாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு யன்னலடியில் நிற்பார். அவள் சிரித்தால் அவரும் சிரிப்பார். ஸ்கீ வகுப்பன்று கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. அதுதான் பிறகு அவருடைய சிரிப்பாக நிலைத்துவிட்டது.

ஆனால் அன்றைக்கு, பின்சீற்றில் இருந்த எனக்கு, கார் பழுதாகிவிட்டது என்பது மட்டும்தான் விளங்கியது. அதுதான் அப்பா இப்படிக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அவர்களைச் சந்தோசப்படுத்த என்னிடம் ஒரு நல்ல யோசனை இருந்தது. சீற்றுகளுக்கிடையே தலையை நீட்டிக் கேட்டேன்.

"அடுத்த வருசம் வரேக்க மாமாவையும் கூட்டிக்கொண்டு வருவமோ?"

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லாததால், சரி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.