கண் திறந்த அக்கா

பெற்ற பிள்ளையின் முகத்தை அதன் தகப்பனுக்குக் காட்டாமல் இருப்பது இரக்கமா, அநியாயமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பிரசவத்துக்கு வந்த நான் இன்னும் பூதலூரில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அப்பா சவூதியிலிருந்து திரும்பிப் பல வருஷமாகிறது. அவர் கொண்டுவந்த மிட்டாய் டப்பாவில் பழைய நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தன. "வீணாப் போறதுக்குள்ள போன்ல ஏத்திடும்மா" என்றார். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்துச் செய்தேன். பழைய போனில் வெள்ளைத் திரை, அதன்மேல் டிரேசிங் பேப்பர், அதற்கும் மேல் நெகட்டிவ். புதுப் போனில் படமெடுத்து நிறத்தைத் திருப்ப வேண்டும். "என் மீசை வெள்ளையாத் தெரியும், அப்பவே கிழவன்னு நெனச்சுடாதே" என்று அப்பா கிண்டலடித்தார்.

எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்திருந்தாள். அப்பா சவூதியில் இருக்கும்போது பிறந்து, முதல் பிறந்தநாளுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். கம்பெனி லீவு தரவில்லை. எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் சவப்பெட்டியை மூடுமுன் எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுப்பது வழக்கம். அந்த ஒரு படம்தான் அப்பாவுக்குப் போனது. தலையில் பூக்கிரீடம், மூடிய கண்கள். தன் மூத்த பிள்ளையை அவர் பார்த்தது அவ்வளவுதான். ரோலில் இருந்த மற்ற படமெல்லாம் வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தார்.

டப்பாவின் அடியில் கிடந்த சுருளை வெளிச்சத்தில் வைத்தேன். களத்தில் காயும் நெல்லுக்கு நடுவே ஒரு குழந்தை. நெகட்டிவில் கருவிழி வெள்ளையாகத் தெரியும். இரண்டு வெள்ளைப் புள்ளிகள் என்னையே பார்த்தன. நிறத்தைத் திருப்பினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் அம்மா மடியில் இருந்தாள். சுருளின் கடைசிப் படத்தில் பெட்டி.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போனை நீட்டினேன். கீரையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார். கேமரா அப்பா அனுப்பியது. ரோல் முடியட்டும், மொத்தமாகக் கழுவி அனுப்பலாம் என்று மாதாமாதம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். பெட்டிப் படத்தோடு ரோல் முடிந்தது. ஸ்டுடியோவில் அதை மட்டும் பிரிண்ட் போடச் சொன்னது அம்மாதான்.

"இப்படிச் சிரிக்கிற பிள்ளையப் பாத்துட்டு உங்கப்பா அங்க இருந்திருப்பாரா? பாஸ்போர்ட்டக்கூடக் கம்பெனிக்காரன் வாங்கி வச்சிருந்தான். கண்ண மூடுன பிள்ளைன்னா அழுதுட்டு, எந்திரிச்சு வேலைக்குப் போயிடுவாருன்னு நெனச்சேன்."

போனை என்னிடம் திருப்பித் தந்து, "அப்புறம் சொல்ல வழியில்லாமப் போச்சுடி. அதை அழிச்சிடு" என்றார்.

நான் அழிக்கவில்லை. காட்டவும் இல்லை. போன வாரம் என் மகளுக்குப் பல் முளைத்ததை அவள் அப்பா வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற என் அப்பா, "பெரியவளுக்குப் பல்லு வந்துச்சான்னுகூட எனக்குத் தெரியாது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

வந்திருந்தது. களத்துப் படத்தில் கீழ்வரிசையில் இரண்டு பல் தெரிகிறது.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இதைப் பார்த்தால் தாங்குவாரா? தாங்கினாலும், அதன்பிறகு அம்மாவை எந்த முகத்தோடு பார்ப்பார்? காட்டாமலே விட்டு அவர் போய்விட்டால் நான் என்ன ஆவேன்? காலையில் காட்டிவிடலாம் என்று தோன்றுகிறது, மாலையில் வேண்டாம் என்றாகிறது. உங்களில் யாராவது இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தால், என்ன செய்தீர்கள், பிறகு வீடு எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். அம்மாவை மீறிக் காட்டலாமா?